ஒன்பது அட்டைகளில் ஒரே கை

அனுப்புநர்:
பணி எண் 46,
கொதிகலன் பிரிவு, காகித ஆலை.

பெறுநர்:
தொழிலாளர் நல மருத்துவ அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் பிரிவின் இரத்த அழுத்த அட்டைகள் பொய் என்பதைத் தெரிவித்து, வியாழனுக்குள் நேரில் வந்து பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. குற்றம் செய்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

2. மாதந்தோறும் அழுத்தம் பார்க்க வருபவர் வெக்கைக்குப் பயந்து உள்ளே வருவதில்லை. பண்டக அறையின் சிறு ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்துகொள்வார். அட்டையையும் கையையும் நீட்டினால் போதும், முகம் பார்க்க மாட்டார். அழுத்தம் கூடியவர்களைக் கூலி குறைந்த பொதி கட்டும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில், இரண்டு ஆண்டுகளாக ஒன்பது அட்டைகளுக்கும் என் கையையே நீட்டிவந்தோம். இடக்கை, வலக்கை என்று மாற்றிக்கொள்வேன். ஒருமுறை மற்றொருவரின் கைக்கடிகாரத்தையும் மாட்டிக்கொண்டேன். அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம் ஐயா.

3. என் தகப்பனார் நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அந்தப் பயத்தில் பீடியை விட்டேன், உப்பைக் குறைத்தேன், ஆலைக்கு நடந்தே வருகிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'நடராஜா சர்வீஸ்'. மற்றவர்களோ, வியர்வையில் போன உப்பை ஈடுகட்டுவதாகச் சொல்லிச் சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். கரிக் கொட்டகையில் புகை ஓய்வதே இல்லை.

4. ஆறு மாதம் முன்பு கரி தள்ளுபவர் விழுந்தார். சென்ற மாதம் வால்வு பார்ப்பவர். இருவரும் எழவில்லை. அட்டையில் கடைசி வரி நல்ல அளவாகவே இருந்தது. அது என் அளவு. விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து 'முன்னறிகுறி ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னைத் தூங்கவிடவில்லை.

5. இப்போது என் அக்காள் கணவர். எங்கள் மேஸ்திரி. பொய் என்று தெரிந்தே அட்டை கொடுத்தவர், மாதாமாதம் அதைப் படித்துப் படித்து நம்பவே தொடங்கிவிட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டார். நடக்கச் சொல்லி அக்காள் கெஞ்சினால் அட்டையை எடுத்து நீட்டுகிறார். "பேப்பர்ல நல்லாத்தானே இருக்கு, எனக்கென்ன கேடு?" என்கிறார். மருத்துவமனைக்கு இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பத்துப் படி ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நேற்று அவர் சட்டை முழுதும் நனைந்திருந்தது. நேற்று கொதிகலன் ஓடவில்லை ஐயா.

6. ஆகவே தாங்கள் முன்னறிவிப்பின்றி வந்து, ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, தங்கள் கையால் சோதிக்க வேண்டுகிறேன். நோய் கண்டவருக்குக் கூலி குறையாது என்று எழுத்தில் தந்தால் யாரும் ஒளிய மாட்டார்கள். கொட்டகையில் புகைப்பதைத் தடுத்து, உணவு இடைவேளையில் நடக்க நேரம் ஒதுக்க வேண்டும். என் தண்டனையை ஏற்கிறேன்.

7. வியாழனன்று அழுத்தம் பார்ப்பவர் வரும்போது நான் மற்றவர்களுக்காகக் கையை நீட்டப்போவதில்லை. மேஸ்திரியின் உண்மை அளவு அவருக்கும் தெரியாது, என் அக்காளுக்கும் தெரியாது. தாங்கள் வரத் தாமதித்தால், அது தெரியாமலே போய்விடும்.

உண்மையை மறைத்தவன்,
(கையொப்பம்)
பணி எண் 46

நாள்: 14, செவ்வாய்
இடம்: கொதிகலன் பிரிவு ஓய்வறை

இணைப்பு: என் அட்டை ஒன்று. ஒன்பதில் இதை மட்டும் தாங்கள் நம்பலாம்.