மீன் படாத குண்டான்

அம்மா,

மீன் படாத குண்டானை இன்று காலை கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். எவ்வளவு தேய்த்தும் வெந்தய வாசனை போகவில்லை. எத்தனை வருடத்துக் கஞ்சி அதில் கொதித்திருக்கிறது! இனி அடுத்த வீட்டுக்கு நம் வீட்டிலிருந்து கஞ்சி போகாது. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நம் வீட்டில் மீன் இல்லாத நாள் அபூர்வம். அடுத்த வீட்டு ராஜம் அத்தை வீட்டிலோ முட்டைகூட நுழையாது. அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று தனியாக ஒரு குண்டானும் கரண்டியும் வைத்திருந்தாய். ஒருமுறை அப்பா தெரியாமல் அதில் இறால் தொக்கைச் சூடு பண்ணிவிட்டார்.

"கழுவிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் வேறு குண்டான் வாங்கி வந்தாய். நல்ல ஆள் நீ! அப்பா கோபித்துக்கொண்டு அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

அத்தையும் மாமாவும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டபோது, வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளும் நீதான். அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தார் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இத்தனை வருஷமா அந்த வீட்டுக்குப் போறீங்களே டீச்சர், ஒரு ஆத்துமாவயாவது ஆதாயம் பண்ணி சர்ச்சுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ சிரிக்கவில்லை. "அந்தக் கணக்கு கர்த்தருக்குத் தெரியும். எனக்கு அவங்க வீட்டுக்கு எவ்வளவு உப்பு போடணும்னுதான் தெரியும்" என்றாய். அதற்குப் பிறகு சங்கத்தில் உன்னை எதற்கும் முன்னால் கூப்பிடவில்லை. நீ வருத்தப்பட்டாய். எனக்குத் தெரியும்.

பிறகு எல்லாரும் விமானம் ஏறிய காலம் வந்தது. குத்தாலத்தில் நம் தெருவில் வீட்டுக்கு ஒரு பையன் வெளிநாடு போனான். குறுவை நட்ட வயல்களில் கல் ஊன்றி, ஏதாவது ஒரு நகர் என்று பலகை வைத்தார்கள். அத்தையின் மூத்தவன் சிங்கப்பூர், இளையவன் சிவா அமெரிக்கா. மாமா செத்துப்போனபோது இரண்டு பேரும் உடனே வந்து சேர முடியவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் காரியம் முடிகிறவரை நம் அடுப்புதான் அவர்களுக்கும் எரிந்தது. சங்கத்துப் பெண்கள் வந்து பாட்டுப் பாடி ஜெபிக்கிறோம் என்றபோது வாசலிலேயே மறித்தாய். "சோத்தோட ஜெபத்தப் பிசையாதீங்க. அவங்களா கேக்கட்டும், அப்பப் பாக்கலாம்." அந்த வீட்டில் நீ ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. சாயங்காலம் நம் அடுப்படியில் முழங்கால் போட்டு, அவர்கள் ஒவ்வொருவர் பேரையும் சொன்னாய்.

நான் சென்னையில் வங்கி வேலையில் இருந்தபோதே சர்ச்சுக்குப் போவதை விட்டுவிட்டேன். நீ ஒரே ஒருமுறைதான் "ஏன்டி?" என்றாய். "கேக்க யாரும் இருக்கிற மாதிரி தோணலம்மா" என்றேன். நீ முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாய். நீ திட்டியிருந்தால் தேவலை. அது இன்னமும் வலிக்கிறது.

நீ போனபின், வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். போன வருடம் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்கள். கூடத்தில் கட்டிலைப் போட்டு, பகலுக்கு ஒரு ஆள் வைத்து, சுவரில் கேமரா மாட்டி, அமெரிக்காவிலிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொண்டான் சிவா. வேலைக்கு வந்த பெண் வைக்கும் கஞ்சி அத்தைக்கு இறங்கவில்லை. நான் குண்டானை எடுத்தேன். பக்தியால் அல்ல. பசித்தவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாதபடி என்னை வளர்த்துவிட்டாயே, அதனால்.

சிவா போன் செய்தான். "அக்கா, நீங்க அம்மாவப் பாத்துக்கறது பெரிய உபகாரம். ஆனா ஜெபம் கிபம்னு மட்டும் வேண்டாங்க்கா. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

"எனக்கே சாமி கெடையாது தம்பி. உங்கம்மாவுக்கு எங்கேர்ந்து கொண்டாந்து குடுக்கறது?" என்றேன். அவனும் சிரித்துவிட்டான். எந்தக் கோயிலுக்கும் போகாதவன்தான் அவனும். சாமியைத்தான் விட்டுவிட்டான், பயத்தை விடவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். இரண்டு வாய்க்கு மேல் அத்தை கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கை சில்லென்று இருந்தது.

"பயமா இருக்குடி. டீச்சர் சொல்லுவாங்களே, அதச் சொல்லேன்."

"எத அத்தை?"

"சாயங்காலமானா உங்க அடுப்படி ஜன்னல் வழியா எனக்குக் கேக்கும். எம் பசங்க பேரு, அவர் பேரு, அப்பறம் எம் பேரு. அதக் கேட்டப்பறந்தான் நான் வெளக்கே ஏத்துவேன். டீச்சர் போனதுலேர்ந்து எங்க பேர யாரும் சொல்லலடி."

அம்மா, உனக்கு இது தெரியுமா? யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதானே அடுப்படிக்குள் போனாய்!

நிமிர்ந்து பார்த்தேன். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. சிவாவிடம் போனில் சொன்ன வார்த்தை ஒரு பக்கம். நம்பாத ஒன்றைச் சாகப்போகிறவளிடம் நடிப்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். அத்தை கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். அவர்களாகக் கேட்டால் பார்க்கலாம் என்றாய்; கேட்டேவிட்டார்கள். நானும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன். பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்லும்முன் அத்தை தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் சிவா பேசினான். கத்தவில்லை; கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பாத்தேன்க்கா. உங்க மேல மரியாதை இருக்கு. இனிமே சிரமப்படாதீங்க. ஏஜென்சிலேர்ந்து ராத்திரியும் பகலும் ஆள் வராங்க."

"அம்மாதான் கேட்டாங்க சிவா."

"அவங்களுக்கு நெனவு சரியா இல்லக்கா."

அத்தை வீட்டு வாசல் கேட்டில் இப்போது பூட்டு. புதிதாக வந்த பெண் யாரையும் உள்ளே விடுவதில்லை. அவன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை. இருக்கிறது, நிறைய. ஆனால் அவன் பார்த்தது பொய்யில்லையே. நான் ஜெபித்தேன்தானே! நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஒரு ஜெபத்துக்காக அத்தையின் கஞ்சியைக் கெடுத்துவிட்டேனா? கஞ்சிக்காக அதை மறுத்திருந்தால் அத்தை பயத்தோடு கிடந்திருப்பார்களே, அது அன்பா? இரண்டையும் ஒரு கையில் பிடிக்க உனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை அம்மா.

ஆனாலும் சாயங்காலமானால் அடுப்படிக்குப் போகிறேன். நம்பிக்கை திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படாதே, வரவில்லை. முழங்கால் போடுவதில்லை, மூட்டு வலி. ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறேன். மாமா பேர், மூத்தவன் பேர், சிவா பேரையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் ராஜம் அத்தை பேர். நீ சொன்னதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். மேலே கேட்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.