கால் கழலாத பெடல்

அன்புள்ள நீவெஸ்,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? அம்மாவுக்கு என் வணக்கம்.

இங்கே, பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில், ஞாயிறு சைக்கிள் குழுவில் சேர, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் கட்டாயம். கடையில் நான் நடக்கவும் தோதான ஷூவைத்தான் எடுத்தேன். கூட வந்த குழுத் தலைவர் யோரிஸ் சிரித்தார்.

"என்னய்யா, சந்தைக்குக் காய் வாங்கப் போறியா?"

பந்தய ஷூவே வாங்கினேன். முதல் சிவப்பு விளக்கிலேயே கால் கழலாமல், நின்றபடியே சாய்ந்து விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான்.

"விழுந்தவன்தான்யா எல்லாருக்கும் பீர் வாங்கணும்!" என்று குழுவே கத்தியது.

குடிக்கப் போகையில் அந்த மகான்கள் நடக்கவே வராத அதே பந்தய ஷூவோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வாத்துபோல் நடந்தார்கள். தொப்பை முன்னால் போகிறது, பந்தய வீரர்களாம்!

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு. அடுத்த ஞாயிறும் போவேன். மில்லில் தறி இரைச்சலில் வாரம் முழுவதும் யாரும் யாரோடும் பேசுவதில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவாவது அந்த மடையர்கள் இருக்கிறார்கள்.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் இலாரியோ