மூன்று திராட்சை, ஒரு வெள்ளை ஒயின்

தூங்குமூஞ்சி,

அப்பாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. மீனுக்கு மசாலா தடவி வைத்திருக்கிறேன், வந்து பொரிக்கிறேன்.

காலையில் நீ வாங்கிவந்த ஒயினைப் பார்த்து, "கல்யாணத்துக்கப்புறம் அப்பா முதல் தடவையா வர்றார், இந்த மலிவு பாட்டிலையா வைக்கப்போற?" என்று கத்தினேன். நீ பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

இப்போது ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். லேபிளில் மூன்று வகைத் திராட்சை என்று போட்டிருக்கிறது, ஒன்றின் பெயரும் வாயில் நுழையவில்லை. ஆனால் ஜன்னல் திரை மெல்ல ஆட, மழை விட்ட தோட்டத்தில் பேரிக்காய் மரத்தடியில் நிற்கிற மாதிரி இருந்தது. நீயும் தலை நனைந்து பக்கத்தில் நின்றாய். அங்கிருந்து திரும்பி வரவே மனமில்லை.

பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அப்பாவுக்கு அதையே ஊற்று. மலிவு என்று நீயாக முந்திக்கொண்டு சொல்லாதே.

பி.கு: செருப்பு மாட்டும்போது அப்பா ரயிலிலிருந்து போன் செய்தார். "இறங்கினதும் ஏதாவது வாங்கட்டுமா? மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்றார். இதுவரை உன்னை "அந்தப் பையன்" என்றுதான் சொல்வார். போனைக் காதில் வைத்தபடி நீ தூங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.