பரணிக்குக் கேட்ட ஓசை

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஜெர்சனின் ஸ்தோத்திரம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பயிற்சி கொடுக்கும் பரணி பார்வையற்றோருக்கான மாநில நீளம் தாண்டுதலில் முதலிடம் வாங்கிவிட்டாள்! கோவளத்து மீன்காரம்மாவின் மகள், பார்வையில்லாத பெண். மணல்குழிப் பக்கம் கோச் நின்று கைதட்டுவார்; அந்த ஓசையைப் பிடித்து ஓடிவந்து தாண்ட வேண்டும். எனக்கு இருப்பது ஒரு கை. அதனால் தொடையில் ஓங்கி அடிப்பேன்.

போட்டி பல்லாவரத்தில். கடைசித் தாண்டலுக்கு அவள் ஓடத் தொடங்கியதும் தலைக்கு மேல் விமானம் இரைந்தது. முன்பு இப்படி இரைந்தபோதெல்லாம் மற்ற பெண்கள் கைதட்டல் கேட்காமல் பாதியில் நின்றிருந்தார்கள். இவள் நிற்கவில்லை. நேராக வந்து பறந்தாள். நாலு மீட்டர் பன்னிரண்டு!

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"நம்ம பொழிச்சலூர் கிரவுண்டுல டெய்லி ஃபிளைட்டு போவுதே சார், அதுல இன்னா பேஜாரு? உங்க அடி தனியா கேட்டுச்சு!"

தொடை கொஞ்சம் கன்றியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நீங்கள் காய்ச்சும் எண்ணெய் ஒரு குப்பி அனுப்புங்கள். கடை எண்ணெயில் நம் வீட்டு மணம் இல்லை.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. என் கை போனதிலிருந்து நீங்களும் சபையில் பாட்டுக்குக் கைதட்டுவதில்லை, கவனித்திருக்கிறேன். இந்த ஞாயிறு தட்டுங்கள் அம்மா. பரணிக்காக, இரண்டு கையாலும், பலமாக.

உங்கள் ஜெர்சன்