அரைச் சுருதி கீழே

2025 மார்ச் 3, திங்கள்

விஜி போன் செய்தாள். "டேய், அல்சூர்ல ஒரு ஹாலு. பதினாறாம் தேதி அரை மணி நேரம் நமக்கே நமக்கு. வரியா?"

வரியாவா! இருபத்தாறு வருஷம் கழித்து எங்கள் பேண்டு மேடை ஏறப்போகிறது. நாற்பத்தொன்பது வயதில் ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். நாராயணசாமிக்கு என்ன ஆச்சு என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

மார்ச் 4

காலையிலிருந்து பழசெல்லாம் ஓடுகிறது. 1996, ஸ்ரீராம்புரம், நண்பன் சில்வெஸ்டர் வீட்டு மாடி. யாரோ கொடுத்த, போஸ்ட்-பங்க் என்கிற முரட்டு ராக் பாட்டுக் கேசட். பாடுகிறவனுக்குப் பாடவே வரவில்லை, கத்தினான். கிட்டாரில் மொத்தமே மூணு சுரம். "இவ்ளோதானா? நாமளே பண்லாம் மச்சான்!" என்றான் சில்வெஸ்டர். மறுநாளே பேண்டு! அவன் டிரம், விஜி பாட்டு, நான் கிட்டார்.

சுருதி சேர்க்க யாருக்குத் தெரியும்? அவன் அப்பா சர்ச்சில் வாசித்த ஆர்மோனியப் பெட்டியை அழுத்தி, அதற்குச் சேர்த்தேன். அந்தப் பெட்டியே அரைச் சுருதி இறங்கியிருந்தது மூன்று வருஷம் எங்களுக்குத் தெரியாது.

மார்ச் 5

எழுதியே விடுகிறேன். 99-ல் ரெக்கார்டிங் போனோம். "கிட்டார் சுருதி கம்மி" என்று அங்கிருந்தவர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. எல்லார் எதிரிலும் சில்வெஸ்டரிடம், "உங்கப்பன் ஓட்டப் பொட்டியாலதான்டா எல்லாம் நாசம்" என்றேன். அவன் அப்பா செத்து நாற்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை. குச்சிகளை வைத்துவிட்டு எழுந்து போனான். அதோடு பேண்டும் போச்சு.

ஏன்டா சொன்ன? ஏன்?

மார்ச் 8, சனி

விஜியோடு ஒத்திகை. வேறொரு டிரம்மர். போனில் ட்யூனர் வைத்துச் சுத்தமாகச் சுருதி சேர்த்தேன். எல்லாம் சரி, பாட்டு மட்டும் செத்துக் கிடந்தது.

"இது நம்ம பாட்டே இல்லடா. அந்தப் பொட்டி வேணும். போய் சில்வெஸ்டர் கால்ல விழு," என்றாள் விஜி.

மார்ச் 9, ஞாயிறு

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, சில்வெஸ்டர் இப்போது குடியிருக்கும் சந்தாபுராவுக்கு பஸ். கதவைத் திறந்த சில்வெஸ்டருக்குத் தலை முழுக்க நரை.

"அப்பாவச் சொன்னது தப்புடா. பெரிய தப்பு," என்றேன். அழுதுவிட்டேன்.

உள்ளே போனான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெட்டியோடு வந்து உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினான். கம்பியைத் திருகினேன்.

"இன்னும் எறக்கு."

இறக்கினேன்.

"ஆங்!"

மார்ச் 14

மூன்று பேரும் ஒத்திகை. ஐயோ, என்ன சத்தம்! காது இன்னும் குய்யென்கிறது.

மார்ச் 16

பாட்டு தொடங்கும் முன், சவுண்டுக்காரர் மைக்கிலேயே, "சார், கிட்டார் கம்மி இதெ, ட்யூன் மாடி" என்று கன்னடத்தில் சுருதி சேர்க்கச் சொன்னார். ஹாலே சிரித்தது. சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

மைக்கைப் பிடித்தேன். "கம்மி இல்ல சார். இது இவங்கப்பா சுருதி."

பின்னாலிருந்து சில்வெஸ்டரின் குச்சிகள் தட்டும் சத்தம். ஒன், டூ, த்ரீ—