மப்பு என்று ஒரு சொல்

இன்று காலை கல்லூரி மொட்டை மாடியில் கரிக்காகத் தேங்காய்த்தொட்டி சுடுகிற புகை வாடை. மேற்கே மலையையே காணோம். உன் நினைவு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும்.

செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக அடுக்கி, பூமியிலிருந்து எவ்வளவு வெயில் திரும்பிப் போகிறது, காற்றிலுள்ள தூசும் புகையும் அதை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்று பார்ப்பதுதான் நம் இருவர் வேலையும். அந்தத் தூசுத் திரையின் கனத்துக்கு நான் யோசித்து யோசித்து வைத்த பெயர் 'வளித்தூசுப் படல ஒளித்தடிமன்'. நீயோ போகிறபோக்கில் 'மப்பு' என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

புகையால் பூமி வெளுக்குமா கறுக்குமா என்று ஒருநாள் வகுப்பில் கேட்டார்கள். நான் பலகை நிறையச் சமன்பாடு எழுதினேன். வாசலில் நின்றபடி நீ சொன்னாய்: "கறுப்புச் சேலையில சுண்ணாம்பு பட்டா வெளுக்கும், வெள்ளை வேட்டியில கரி பட்டா கறுக்கும். கீழ என்ன இருக்குதுன்னு பாக்கோணும் கண்ணுகளா."

அவ்வளவுதான். வால்பாறைக் காட்டின் மேல் வெளிர்தூசு நின்றால் வெளிச்சம் அதிகம் திரும்பும், மேகத்தின் மேல் கரிப்புகை படிந்தால் குறையும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அவர்கள் உன்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு நான் எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்!

"என்ன அம்மணி, மூஞ்சியிலயும் மப்பு?" என்றாய் மதியம்.

இப்போது துறைக்குத் தமிழ்க் கையேடு அச்சுக்குத் தயாராகிறது. கலைச்சொற்களை முடிவு செய்வது நான். சண்டைக்கு நீ இல்லை. உன் சொல்லை அடித்துவிட்டு என் சொல்லைப் போட்டேன். அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

இன்று மாடியில் என்னோடு நின்ற மாணவி நீ இறந்த பிறகு சேர்ந்தவள், உன்னைப் பார்த்ததே இல்லை. மேற்கே பார்த்துச் சொன்னாள்: "மேடம், இன்னைக்கு மப்பு சாஸ்திங்க. காட்டு மேல வெளிச்சம் தூக்கிக் காட்டுமுங்க."

"யார் சொல்லிக் கொடுத்த வார்த்தை?"

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க."

இறங்கி வந்து கையேட்டில் உன் சொல்லைத் திரும்ப வைத்துவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை, போடவும் மாட்டேன். இருந்தவரை உன்னைப் பார்த்து எரிந்தேன், இனி அந்தச் சொல்லைச் சொல்கிற ஒவ்வொரு வாயையும் பார்த்து எரிவேன். இந்த எரிச்சலை மட்டும் விடச் சொல்லாதே அம்மணி. உன்னோடு எனக்கு மிச்சமிருக்கிற பேச்சு அது ஒன்றுதான்.