இரண்டு வில் சுமந்தவருக்கு

சித்தப்பா,

இன்று காலை எங்கள் ஏலக்காய்க் கம்பெனி வாசலில் போடிமெட்டிலிருந்து ஜீப் வந்து நின்றது. மூட்டைகளை இறக்கிய பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தேன் டின்னையும், வாழையிலையில் பொதிந்த ஒரு மெழுகு உருண்டையையும் எடுத்து என் மேஜை மேல் வைத்தார். முதலாளி மலையில் யாரிடமோ சொல்லி வைத்திருந்தாராம். ஏலக்காய் வாசனை எனக்கு இப்போது தெரிவதே இல்லை, மூக்கு பழகிவிட்டது. அதையும் தாண்டிக்கொண்டு அந்தத் தேன்மெழுகு மணத்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவின் வில் நாணுக்கு நீங்கள் மெழுகு தேய்க்கும்போது வருகிற மணம் அது.

கூடப் பிறக்காவிட்டாலும், அப்பாவும் நீங்களும் ஒரே நாளில் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். லீவு கேட்டால் இருவரும் சிவராத்திரிக்குத்தான் கேட்பீர்கள். தீபாவளி, பொங்கல் எல்லாம் எங்கேயோ கழிந்துவிடும். சிவராத்திரிக்கு மறுநாள் ஊரே வில்லோடு மலையேறும் பாரி வேட்டை, அது தவறக்கூடாது. வந்து இறங்கியதும் அப்பா என்னைத் தூக்குவதற்கு முன்னால் பரணுக்கடியில் தொங்கும் வில்லை எடுத்துப் பார்ப்பார் என்று அம்மா குறை சொல்வாள். மூங்கிலை வளைத்து மருள் நாரில் நாண் பூட்டி, காதருகே வைத்து ஒருமுறை சுண்டிக் கேட்பார். அந்த ஓசை பிடித்தால்தான் மலைக்குக் கொண்டு போவார். அவ்வளவு துப்பாக்கி பார்த்த ஆட்களுக்கு இந்த வில்லில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை உங்களிடம் கேட்டேன்.

"துப்பாக்கி சர்க்காருது, ஆத்தா. சண்டை முடிஞ்சா திருப்பிக் குடுத்துரணும். வில்லு எங்களுது" என்றீர்கள்.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையிலிருந்து நீங்கள் மட்டும் வந்தீர்கள். முழங்காலுக்குள் எடுக்க முடியாத இரும்புத் துணுக்கோடு வந்தீர்கள். அதற்குப் பிறகு வந்த முதல் சிவராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிந்ததும் வாசலில் நின்று, "மதினி, அண்ணன் வில்லக் கொண்டாங்க" என்றீர்கள். அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் அப்பாவைப் போலவே நாணை ஒருமுறை சுண்டினீர்கள். உள்ளே போய்விட்ட அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பிற்பகல் கோவில் திடலில் கறியைக் கூறு வைத்தார்கள். நம் ஊரில் பங்கு வில்லுக்குத்தான். மலையேறி ஒரு அம்பாவது விட்ட வில்லாக இருக்க வேண்டும். அதற்கு உரியவரின் பெயரை நாட்டாமை கூப்பிடுவார். வீட்டு ஆள் ஒருவர் "இருக்கு" என்று சொல்லிப் பாத்திரத்தை நீட்ட வேண்டும். நீங்கள் இரண்டு வில்லோடு நிற்பதைப் பார்த்து யாரோ, "செத்த ஆளுக்கும் சேத்துக் கறி வாங்குறானப்பா" என்று முணுமுணுத்தார். இன்னொருவர், "ரெண்டு வில்லு தூக்குனவன் ரெண்டு முயலாச்சும் கொண்டாந்திருக்கணும்ல" என்றார். சிரித்தார்கள்.

நீங்களும் கூடவே சிரித்தீர்கள். பிறகு நாட்டாமையைப் பார்த்து, "பங்கு ஆளுக்கா வில்லுக்கா, மாமா? வில்லு மலையேறிருச்சு. அம்பும் விட்டாச்சு. பேரக் கூப்பிடுங்க" என்றீர்கள்.

அவர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து அம்மா "இருக்கு" என்றாள்.

அந்தப் பெயரை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் என்னைப் பார்ப்பாள். எனக்கோ குரல் எழும்பாது. "தாயிக்கும் மகளுக்கும் வாயில கொழுக்கட்டையா?" என்று கடைக்காரர் சலித்துக்கொள்வார். வீட்டில் அப்பாவின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. ஊரிலும் வரவர இன்னாரின் சம்சாரம் என்பது போய் 'பட்டாளத்தாரு வீடு' என்று ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒருநாள், அந்தத் திடலில்தான் அம்மா அதைக் காதால் கேட்டாள். அதற்காகவே நீங்கள் அந்தக் காலோடு வருடம் தவறாமல் ஏறினீர்கள். உங்கள் வில்லால் முயல் அடிப்பீர்கள். அப்பாவின் வில்லால் ஒரு அம்பு விட்டுவிட்டு இறங்குவீர்கள். நாங்கள் அந்தப் பங்கைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். படையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் நான் கல்லூரியிலும் சேர்ந்தேன். அப்பாவின் சாவில் எனக்குப் படிப்பு வந்தது. உங்கள் காலில் அம்மாவுக்கு ஒரு பெயர் வந்தது. அப்போது எனக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்வது யாருக்கும் கேட்காமல் வராதவள் என்று எழுதிவிட்டார்கள். லீவுக்கு வந்தபோது இதைச் சொல்லி அழுதேன். நீங்கள் அழ விடவில்லை. "பட்டாளத்துல பேரக் கூப்பிட்டுப் பதில் வரலைன்னா செத்துட்டான்னு எழுதிருவாங்க. உயிரோட இருக்கவ வாயத் தொறந்து சொல்லிரணும்ல?" என்றீர்கள். அதைக் கேட்டு அம்மாகூடச் சிரித்தாள்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டிய ஒரு நேரம் எனக்கு வந்தது. போன வருடச் சிவராத்திரியன்று சாயங்காலம். நான் போடி பஸ்சிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். முழங்கால் புடைத்து, தோல் மினுமினுவென்று இருந்தது. அம்மா காபி போட உள்ளே போயிருந்தாள். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏத்தா, இந்த வருசம் காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது. ஏறவா, வேணாமா? மதினிகிட்ட கேக்க முடியாது. படிச்ச புள்ள, நீ சொல்லு."

எனக்குப் பதில் தெரியும், சித்தப்பா. அந்தக் காலைப் பார்த்த யாருக்கும் தெரியும். ஆனால் நிலைப்படிக்கு உள்ளே, பங்கு வாங்கப் போகும் எவர்சில்வர் தூக்கைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள் அம்மா. கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. நான் அந்தத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பார்வை போன இடத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

"சரி சரி" என்றீர்கள். "மெதுவா ஏறுனா ஏறிரலாம்."

அம்மா காபியோடு வந்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாள் ஏறினீர்கள். இறங்கும்போது ஓடைப் பாறையில் கால் வழுக்கியது. இரண்டு பேர் தாங்கி உங்கள் அக்கா வீட்டில் கொண்டு வந்து விட்டார்கள். திடலில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், அம்மா பதில் சொன்னாள். குழம்பை எடுத்துக்கொண்டு நான் உங்களைப் பார்க்க வந்தேன். கட்டு போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்த நீங்கள் முதலில் கேட்டது, "பேரக் கூப்பிட்டாங்களா?" என்றுதான்.

காயம் ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறது, பழைய இரும்பு வேறு உள்ளே இருக்கிறது என்றார்கள். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சித்திரை பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். சண்டையில் பட்ட காயம்தான் கடைசியில் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டைப் பார்த்து ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காதோ என்னவோ. நீங்கள் கேட்டதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

காரியம் முடிந்து உங்கள் அக்கா உங்கள் வில்லைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். "என் வீட்ல கெடந்தா வெறகாப் போயிரும். நீயே வச்சுக்க, மதினி" என்றார்கள். அம்மா அப்பாவின் வில்லுக்குப் பக்கத்திலேயே அதையும் கட்டித் தொங்கவிட்டாள்.

இந்த வருடமும் சிவராத்திரி வந்தது. பாரஸ்ட் ஆட்கள் இதுதான் கடைசி முறை என்று ஊரில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் தன் வில்லோடு வந்து நின்றார். "பெரியம்மா, பெரியப்பா வில்லக் குடுங்க, நான் கொண்டு போறேன்."

அம்மா இரண்டையும் அவிழ்த்துக் கொண்டு வந்தாள்.

"மூணு தூக்க முடியாது பெரியம்மா, புதர்ல மாட்டும். ஒண்ணு குடுங்க."

அம்மா இரண்டையும் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கையில் உங்கள் வில்லைக் கொடுத்தாள்.

"இது சித்தப்பா வில்லுல்ல?" என்றார் அவர்.

"தெரியும். கொண்டு போ."

"அப்ப பெரியப்பாவுக்கு? இன்னொரு ஆள வரச் சொல்லவா?"

"வேணாம்ப்பா" என்றாள் அம்மா. "ரெண்டு வில்லத் தூக்க விட்டு ஒரு ஆளத் தொலச்சாச்சு."

அவர் போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் வில்லைப் பழைய இடத்திலேயே கட்டினாள், முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று. நான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்ததை அவளும் அந்த வீட்டுக்குள்ளேயே சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பிற்பகல் திடலுக்குப் போனோம். அப்பாவின் பெயர் வரும் இடத்தில் நாட்டாமை நிறுத்தி எங்களைப் பார்த்தார். "இந்த வருசம் அந்த வில்லு ஏறல, அண்ணே" என்றாள் அம்மா. அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்ததாக உங்கள் பெயரைக் கூப்பிட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் அக்கா வரவில்லை. வழக்கமாக நீங்கள் நிற்கிற இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார். நாட்டாமை இரண்டாம் முறை கூப்பிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தூக்கை என் கையில் திணித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கு" என்றேன்.

திடலின் அந்தக் கடைசியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

டிரைவரிடம் கேட்டு அந்த மெழுகில் ஒரு துண்டு கிள்ளி வாங்கி வைத்திருக்கிறேன். சாயங்காலம் போய் இரண்டு நாணுக்கும் தேய்க்க வேண்டும். விரலில் இப்போதே மணக்கிறது. இனி மலைக்கு எந்த வில்லும் போகாமல் இருக்கலாம், இருந்தாலும் தேய்ப்பேன். தேய்க்கும்போது ஒவ்வொரு முறையும் இதுதான் நினைவுக்கு வரும். 'வேண்டாம், சித்தப்பா' என்று சொல்ல அந்தக் குரலில் பாதிகூடத் தேவைப்பட்டிருக்காது. நீங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.